கமிஷனருக்குப் போட்ட சாப்பாடு

புதிதாகக் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" எட்டாம் வகுப்பு. அதிலும் கணக்கில் தேறவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கோயமுத்தூர்க் கோர்ட்டில் முப்பத்தெட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். நான் தயார் செய்து தாக்கல் பண்ணிய பிராது குறை சொல்லித் திருப்பப்பட்டதாக ஒருவரும் சொல்ல முடியாது. என் மேசை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வழக்குக் கட்டு படிக்கக் கற்றுக்கொண்டவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு நீதிபதிகள். வழியில் என்னைப் பார்த்தால் காரை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவார்கள்.

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் பழைய ஆபீசுக்குச் சும்மா போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் கல்லூரியில் கடைசி இரண்டு வருடம் படித்த பாடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உரிமையியல் நடைமுறை ஒரு தாள், சாட்சியச் சட்டம் ஒரு தாள், சொத்துச் சட்டம் ஒரு தாள், தொழில் நெறி ஒரு தாள். "தொழில் நெறி சுலபம், முந்தின நாள் ராத்திரி படிச்சாலே போதும்" என்றாள் அவர்களில் ஒரு பெண். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களிடம் சொன்னதைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். இந்த நான்கு தாளும் எனக்கு ஒரே வழக்கில், ஒரே பரீட்சையாக வந்தன. நான் தோற்றது அந்தச் சுலபமான தாளில்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மாராத்தாள் என்று ஓர் அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் வாழை போட்டிருந்தார். வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பக்கத்துப் பூமி, அந்த வீட்டுக்காரரின் தம்பி பொன்னுசாமியுடையது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஊரில் நாலு பேரை வைத்துப் பேசிப் பிரித்தார்கள். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. கிணறு தம்பி பாகத்தில் விழுந்தது, பட்டாவும் அவர் பெயரில். ஆனால் வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் அண்ணன் பூமிக்கு என்று பேச்சு. பதினாறு வருடம் அப்படியே ஓடியது. மோட்டார் தண்ணீர் ஒரு தொட்டியில் விழும். தொட்டிக்கு இரண்டு வாய். ஒன்றைத் திறந்தால் தம்பி தோட்டம், மற்றதைத் திறந்தால் அண்ணன் தோட்டம்.

அண்ணன் போன பிறகு பொன்னுசாமி அந்த இரண்டாவது வாயைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்.

அந்த அம்மாள் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது வாழை குலை தள்ளிக்கொண்டிருந்த நேரம். பங்குனி வெயில். பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் இரண்டு மூன்று தடவை தண்ணீர் விட்டார்கள். பிறகு பொன்னுசாமிக்குப் பயந்து அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர் விடச் சொல்லி உடனே உத்தரவு வேண்டும். அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. மே மாதம் உரிமையியல் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. ஏப்ரல் முடிவதற்குள் உத்தரவு வாங்காவிட்டால் ஜூன் வரை வாழையை யாரும் காப்பாற்ற முடியாது. அந்த வாழையை வைத்துத்தான் அவர் மகளின் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தார்.

பொன்னுசாமி தன் பதில் மனுவில் எழுதியது இது: தொட்டிக்கு எந்தக் காலத்திலும் ஒரே வாய்தான். அண்ணன் பூமி மானாவாரி. என் கிணற்றுத் தண்ணீர் ஒரு நாளும் அங்கே போனதில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமிக்கும். போலீஸ் கமிஷனர் இல்லை. ஓர் இளம் வக்கீல். இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்த்ததை எழுதி, வரைபடம் போட்டு, கோர்ட்டில் அறிக்கை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. நீதிபதி வந்து பார்க்க முடியாத இடத்தை நீதிபதிக்காகப் பார்க்கிறவர் அவர். ஊரில் இது யாருக்குத் தெரியும்? கமிஷனர் வருகிறார் என்று கேள்விப்பட்டு ஜீப்பும் தொப்பியும் பார்க்கச் சனம் கூடியிருந்தது. மொபெட்டில் வந்து இறங்கிய ஒல்லிப் பையனைப் பார்த்து ஒரு கிழவர், "இவரு யாருங்க, கமிசனரூட்டுப் பையனுங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

நான் வாதியின் வக்கீல் குமாஸ்தா என்ற முறையில் கூடப் போயிருந்தேன். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தும் அவர் வரவில்லை. பொன்னுசாமி மட்டும் மோட்டார் அறை வாசலில் கை கட்டி நின்றார். கமிஷனர் பையன் கெட்டிக்காரர். தொட்டியைச் சுற்றி வந்து, அடைத்த இடத்தில் சிமெண்டு புதிது, மற்ற இடத்தில் பழையது என்று எழுதினார். அந்த இடத்திலிருந்து வாழைத் தோட்டம் வரை வாய்க்கால் போன தடத்தை அடி அடியாக அளந்து வரைந்தார். வாய்க்கால் சுவரில் காய்ந்து ஒட்டியிருந்த பாசியைக்கூட விடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கு கையில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மணி ஒன்றேகால். மாராத்தாள் வந்து நின்றார்.

"ஏனுங்க, எல வெட்டிப் போட்டாச்சுங்க. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போட்டுப் போங்க."

கமிஷனர் பையன் என்னைப் பார்த்தார். "அண்ணா, இது சரியாங்களா? ஒரு பக்கத்துக்காரங்க ஊட்டுல நான் சாப்பிடலாமா?"

உங்கள் தொழில் நெறித் தாள் இதுதான், கண்ணு. கேள்வி இவ்வளவு சின்னதாகத்தான் வரும். வெயிலில், பசியில், கோழிக் குழம்பு மணக்கிற நேரத்தில் வரும். விடை அவருக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டார். நான் சொன்னேன்:

"தம்பி, நான் இருவது வருசமா கமிசனோட போய்க்கிட்டிருக்கேன். ஒண்ணும் ஆகாது. காலையில இருந்து அடுப்படியிலயே நிக்கறாங்க. சாப்பிடாம போனா அந்த அம்மணி மனசு நொந்துரும்."

எங்கள் ஊர்களில் வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்புவது கிடையாது. வந்தவர் சாப்பிடாமல் எழுந்தால் அந்த வீட்டைக் குறைவாக நினைத்ததாக ஆகிவிடும். எனக்கு அது ரத்தத்தில் ஊறியது. கோர்ட்டு விஷயத்தில் அதற்கு இடம் கிடையாது என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தே செய்தேன். கோழிக் குழம்பு, கத்திரிக்காய்க் கடையல், ரசம், கெட்டித் தயிர். நான் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன்.

அறிக்கை நாங்கள் நினைத்தபடி கோர்ட்டுக்குப் போனது. பத்து நாளில் எதிர்த் தரப்பு ஆட்சேபணை மனு போட்டது. கமிஷனர் வாதி வீட்டில் விருந்து சாப்பிட்டார், வாதியின் வக்கீல் குமாஸ்தாவே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார், அந்த அறிக்கையைத் தள்ளிவிட வேண்டும் என்று. அன்று சாயங்காலமே மாராத்தாள் சொல்லியனுப்பினார். பொன்னுசாமி அந்தத் தொட்டியை இடித்து, ஒரே வாய் வைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார். வாய்க்கால் தடத்தின் மேல் டிராக்டர் ஓட்டிச் சமமாக்கிவிட்டார்.

என் நிலைமையைப் பாருங்கள். பழைய தொட்டி இல்லை, வாய்க்கால் இல்லை, எழுத்தில் பாகப் பத்திரம் இல்லை. இரண்டு வாய் இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் கமிஷனர் அறிக்கை. அதைத்தான் நான் கோழிக் குழம்பில் தோய்த்து வைத்திருந்தேன். விடுமுறைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

கமிஷனர் பையன் மறுநாள் காலை ஆபீசுக்கு ஓடி வந்தார். கோட்டுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

"அண்ணா, சாப்பிடவே இல்லைன்னு சொல்லிரலாமுங்களா? கோர்ட்டுல வந்து சொல்லப் போறது அந்த ஆளு ஒருத்தர்தானுங்க."

"நானும் அதைத்தான் நினைச்சேன் தம்பி" என்றேன்.

உண்மையில் அவர் வருவதற்கு முன்பே நான் பதில் மனு எழுதி முடித்திருந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் தமிழுக்கு வக்கீல்களே தலையாட்டுவார்கள். "ஆணையர் வாதியின் இல்லத்தில் உணவருந்தினார் என்பது முற்றிலும் கற்பனையானது, எதிர்மனுதாரரால் இவ்வழக்கின் பொருட்டுப் புனையப்பட்டது" என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். எங்கள் ஆபீசின் சீனியர் வக்கீல் வேறொரு கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் கையெழுத்து வாங்கி வைத்துவிடலாம் என்று மாராத்தாளை வரச் சொல்லியிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. வரி வரியாகப் படித்துக் காட்டினேன். கற்பனையானது என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"அப்படீன்னா என்னங்க?"

"கமிசனரு உங்கூட்டுல சாப்பிடலைன்னு அர்த்தம் அம்மணி."

"சாப்பிட்டாங்களே. நீங்களும் சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டதுதானுங்க. கோர்ட்டுக்கு அப்படிச் சொல்லக் கூடாது."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க."

கமிஷனர் பையன் எழுந்து அவர் பக்கத்தில் போனார். "அக்கா, ஒரே ஒரு வரிதானுங்க. எம் பொழப்பே இதுல இருக்குதுங்க."

"உம் பொழப்பு எனக்குத் தெரியாதுங்களா சாமி? எம் பொழப்பும் அதுலதான் கெடக்குது. ஆனா போட்ட சோத்தை இல்லைன்னு சொன்னா அப்பறம் நான் யாருக்குப் போயி எல போடறது?" பேனாவை மூடி என் மேசையில் வைத்துவிட்டார். "வாழை காஞ்சா காயட்டுமுங்க."

நான் விடவில்லை. விளக்கினேன், கெஞ்சினேன், கொஞ்சம் சத்தமும் போட்டேன். "உங்க புள்ளை கல்யாணத்தை நெனைச்சுப் பாருங்க" என்றுகூடச் சொன்னேன். இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் உண்டு. அந்த அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சீனியர் உள்ளே வந்தார். அவர் பெயரை எழுத வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நின்றபடியே என் பதில் மனுவைப் படித்தார். படித்து முடித்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"கோழியா, காய்கறியாப்பா?"

"கோழிங்க."

"எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டே?"

"ரெண்டு தடவைங்க."

தலையை ஆட்டிவிட்டு மாராத்தாளுக்கு எதிரில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, அன்னைக்கு நடந்ததை நீங்களே சொல்லுங்க. எல போட்டீங்க. யார் யாரைக் கூப்பிட்டீங்க?"

"இவங்க ரெண்டு பேரையும்ங்க. அங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நின்ன பெரியவங்களையும் கூப்பிட்டேன். அவிங்க வரலீங்க. அப்பறம் எங்க கொழுந்தனாரையும் கூப்பிட்டனுங்க."

நான் அந்த நேரம் கை கழுவக் கொல்லைப் பக்கம் போயிருந்தேன். இது எனக்குத் தெரியாது.

"பொன்னுசாமியையா கூப்பிட்டீங்க?" என்றேன். "கேஸ் போட்டிருக்கிற ஆளையா?"

"அதுக்கென்னங்க? கேஸ் கோர்ட்டுல. சோத்து நேரத்துல எதுக்க நிக்கற ஆளைக் கூப்பிடாம எப்படி விடறது?"

சீனியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னார்?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிட்டாரு."

சீனியர் என் பக்கம் திரும்பினார். "இதைக் கிழிச்சுப்போட்டு வேற எழுது. சாப்பாடு நடந்துச்சு. எத்தனை மணிக்கு, யார் யார், யார் சொல்லி. கொழுந்தனாரைக் கூப்பிட்டதையும் எழுது."

"ரிப்போர்ட்டு போயிருமுங்களே?"

"போகட்டும். ரிப்போர்ட்டு போனா கேஸ் மிச்சமிருக்கும். இந்த அம்மா வாயிலிருந்து ஒரு பொய் வந்துட்டா அதுக்கப்பறம் அவங்க சொல்ற நெசத்தையும் எவனும் நம்ப மாட்டான்."

எட்டாம் வகுப்பு படித்த நான் அன்றைக்குத்தான் சாட்சியச் சட்டம் படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைப் பிரிவு வாரியாகப் படித்திருப்பீர்கள். எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

மறுபடியும் எழுதினேன். யார் சொல்லிச் சாப்பிட்டார்கள் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுத வேண்டியிருந்தது. இந்த முறை எழுதியதைப் படித்து ரசிக்கத் தோன்றவில்லை.

ஏப்ரலின் கடைசி வாரம் ஆட்சேபணை மனு விசாரணைக்கு வந்தது. இப்படிப்பட்ட மனுவில் ஆளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அரிது. இரண்டு பக்கத்துப் பிரமாணப் பத்திரங்களைப் படித்து உத்தரவு போடுவதுதான் வழக்கம். எங்கள் வழக்கைக் கேட்ட முன்சீப் நீதிபதி கொஞ்சம் கண்டிப்பானவர். முதலில் என்னைத்தான் எழுந்து நிற்கச் சொன்னார்.

"சாப்பிடச் சொன்னது நீங்கதானா?"

"நான்தாங்க ஐயா."

"கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியுங்க."

"அப்புறம்?"

"அந்த ஊட்டுல சாப்பிடாம எந்திரிக்க மனசு வரலீங்க ஐயா."

ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு புகார் சொன்ன பொன்னுசாமியைக் கூண்டில் ஏறச் சொன்னார். அவர் வக்கீல் முதல் விசாரணையை ஐந்து நிமிடத்தில் முடித்தார். சாப்பாட்டை நாங்களே ஒப்புக்கொண்ட பிறகு அவருக்குக் கேட்க என்ன இருக்கிறது? சந்தோஷமாக உட்கார்ந்தார். எங்கள் சீனியர் எழுந்தார். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. ஊர்ப் பேச்சிலேயே ஆரம்பித்தார்.

"ஏனுங்க பொன்னுசாமி, அன்னைக்கு அந்த அம்மா உங்களையும் சாப்பிடக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"நீங்க போகலை."

"போகலீங்க."

"உங்க நங்கையாதானே அவங்க?" அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். "அவங்க ஊட்டுல அதுக்கு முந்தி சாப்பிட்டதே இல்லீங்களா?"

பொன்னுசாமிக்கு அது பிடிக்கவில்லை. "ஏனுங்க இல்லாம? எங்கம்மா செத்தப்பறம் நான் வளந்ததே அவிங்க கைச் சோத்துலதானுங்க."

"அப்படியா? அப்பறம் அன்னைக்கு மட்டும் ஏனுங்க போகலை?"

பொன்னுசாமி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். அவர் வக்கீல் பாதி எழுந்து, இந்தக் கேள்விக்கும் மனுவுக்கும் சம்பந்தமில்லை என்றார்.

"சாப்பாட்டைப் பத்தித்தானே உங்க மனு?" என்றார் முன்சீப். "பதில் சொல்லட்டும்."

கெட்டவர் என்று பொன்னுசாமியைச் சொல்ல மாட்டேன். பூமி ஆசை. பொய் மனுவில் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் பெற்றவள் போல் சோறு போட்டவள் கூப்பிட்டும் போகாதவன் என்ற பெயரோடு அத்தனை பேர் முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. போகாததற்கு ஒரு கௌரவமான காரணம் அவரிடம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டார்.

"தண்ணிய அடைச்சுப்போட்டு அந்த ஊட்டுல போயி எப்படிங்க கை நனைக்கறது?"

முன்சீப் பேனாவை எடுத்தார்.

"எந்தத் தண்ணியை?"

பொன்னுசாமி தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு பின் வரிசையில் சுவர் ஓரமாக நின்ற மாராத்தாளைப் பார்த்தார். அந்த அம்மாள் இவரைப் பார்க்கவில்லை.

"வாழைக்குப் போற தண்ணிங்க" என்றார்.

முன்சீப் வாக்குமூலத்தைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்டு அடித்தார். எங்கள் சீனியர் வேறு கேள்வி கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். புதிதாக வந்தவர்கள் இதைக் கவனியுங்கள். வேண்டியது வந்த பிறகு அடுத்த கேள்வி கேட்பவர்களால் கெட்ட வழக்குகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் எழுதிய பதில் மனு மட்டும் தாக்கலாகியிருந்தால்? சாப்பாடே நடக்கவில்லை என்று சொன்ன பிறகு, சாப்பிடக் கூப்பிட்டாரா என்று எந்த வாயால் கேட்பது? அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. அதை உயிரோடு வைத்திருந்தது என் சாமர்த்தியமும் இல்லை, முழுக்கச் சீனியருடைய சாமர்த்தியமும் இல்லை. பேனாவை மூடி வைத்த அந்த அம்மாள்.

விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாளில் உத்தரவு வந்தது. கமிஷனர் அறிக்கை தள்ளுபடி. ஒரு பக்கத்தார் வீட்டில் சாப்பிட்டவர் கொடுத்த அறிக்கையைக் கோர்ட்டு பார்க்காது என்று முன்சீப் எழுதினார். அதில் தப்பே இல்லை. பொன்னுசாமியே ஒப்புக்கொண்டபடி தண்ணீர் போய்க்கொண்டிருந்தது உண்மை, ஆகவே வழக்கு முடியும் வரை வாரம் மூன்று நாள் பழையபடி தண்ணீர் விட வேண்டும், அடைத்ததை அவரே திறந்து கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். இரண்டு விஷயமும் ஒரே தாளில். நடுவில் என்னைப் பற்றி மூன்று வரி: பொறுப்பறிந்த நீண்ட கால ஊழியர் செய்யக் கூடாத செயல். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கோர்ட்டு உத்தரவில் என்னைப் பற்றி எழுதப்பட்டது அந்த மூன்று வரிதான். நகல் வாங்கிச் சரிபார்த்ததும் நான்தான். கமிஷனர் பையனுக்கு இரண்டு வருடம் யாரும் கமிஷன் கொடுக்கவில்லை. பிறகு தலையெடுத்துவிட்டார். இன்றைக்கு நல்ல தொழில். கட்சிக்காரர் வீட்டில் காபிகூடக் குடிப்பதில்லை.

உத்தரவு நகலோடு, அதை நிறைவேற்றும் கோர்ட்டு அமீனாவைக் கூட்டிக்கொண்டு நான்தான் ஊருக்குப் போனேன். பொன்னுசாமி தகராறு செய்வார் என்று நினைத்து ஊர்த் தலையாரியையும் கூப்பிட்டு வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. அமீனா படித்து முடித்ததும் கடப்பாரையை எடுத்துத் தொட்டிச் சுவரில் பொன்னுசாமியே வாய் உடைத்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

டிராக்டர் ஓட்டிய மண்ணில் மாராத்தாள் மண்வெட்டியால் தடம் வெட்டிக்கொண்டே போனார், தண்ணீர் பின்னாலேயே வந்தது. முதல் வரிசை வாழை மடிந்து தொங்கிவிட்டது. நாலில் ஒரு பங்கு போயிற்று என்று அமீனா சொன்னார். மிச்சத்தின் காலில் தண்ணீர் ஏறியபோது அந்த அம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். எதைக் கேட்க வந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

"கேஸ் முடியட்டும் அம்மணி" என்றேன்.

"அது எத்தனை வருசமாகும்ங்க?"

"ஆகுமுங்க, ரெண்டு மூணு வருசம்."

"அது வரைக்கும் கோர்ட்டு ஆளு யாரு வந்தாலும் வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"வாங்கன்னு சொல்லலாமுங்க. எல போடக் கூடாது."

"மோரு?"

'எனக்குத் தெரியாது' என்று கோயமுத்தூர்க் கோர்ட்டு வளாகத்தில் அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. வாய் வரை ஒரு பதில் வந்தது. அமீனாவும் நாக்கு வறண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனியரைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

நானும் அமீனாவும் குனிந்து வாய்க்கால் தண்ணீரையே அள்ளிக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தோம்.